புள்ளலூர்க் கற்கள்



ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் இன்று நீங்கள் தொழிற்சாலைகளின் ஊர்களாகவே அறிவீர்கள். உங்களில் பலருடைய தமையன்மாரும் தமக்கையரும் அங்கே மோட்டார் வண்டிகளையும் மின்னணுக் கருவிகளையும் செய்யும் ஆலைகளில் பணிபுரியக்கூடும். அங்கிருந்து காஞ்சிபுரத்தை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் போய், காஞ்சிக்கு வடக்கே திரும்பினால் புள்ளலூர் என்னும் சிற்றூரை அடையலாம். சென்ற ஆண்டு என் மாணவர் நால்வருடன் அங்கே சென்றிருந்தேன். அவ்வூரில் ஊசிபோல் உயர்ந்த இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஒன்று காப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்பவருக்கும், மற்றது லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் என்பவருக்கும் எழுப்பப்பட்டது. இருவரும் 1781ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் ஹைதர் அலியின் படையோடு நடந்த போரில் மாண்ட கிழக்கிந்தியக் கம்பெனி தரப்பு அதிகாரிகள். அந்நாள் போரில் ஆங்கிலேயருக்குத் தலைமை தாங்கியவர் சர் அயர் கூட். வென்றவர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்ல இயலாத போர் அது. ஆனால் வெற்றி தமதே என்று இரு தரப்பாரும் சொல்லிக்கொண்டனர்.

புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவில் எழுவது இந்தப் போர் அன்று, இதற்கு முந்திய ஆண்டில் நடந்த போர்தான். 1780 ஆகஸ்டில் கர்னல் வில்லியம் பெய்லி வடக்கேயிருந்து ஒரு படையுடன் காஞ்சியை நோக்கி வந்தார். அவர் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் நகருக்கு அருகேயுள்ள டுனெய்ன் என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பத்தவர். கொற்றலை ஆற்றின் வடகரையில் அவர் தங்கியபோது ஆற்றில் நீர் இல்லை. அன்றே கடந்திருக்கலாம், கடக்கவில்லை. இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஏறத்தாழப் பத்து நாள் அக்கரையிலேயே கிடந்தார். நம் ஊர் ஆறுகளின் குணம் அறிந்த உழவன் ஒருவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு அவரை வழிமறித்தார். தலைமைத் தளபதி ஹெக்டர் மன்றோ சுமார் 14 மைல் தொலைவில், காஞ்சியில் பெரும்படையோடு இருந்தார். அவர் தாமே செல்லவில்லை. கர்னல் பிளெட்சர் தலைமையில் ஒரு துணைப்படையை மட்டும் அனுப்பினார். அதில் ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர் சிலரும் இருந்தனர். செப்டம்பர் 10ஆம் நாள் காலை, புள்ளலூரில், ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டனர். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை அழிந்தது. மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியிலே கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

பெய்லி சிறைப்பட்டு, 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். அங்கே அவருக்கு 1816இல் உறவினர் ஒருவர் நினைவு மண்டபம் எழுப்பினார். அதே ஊரில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில், பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்க இப்போர் நடக்கும் காட்சி பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. தோற்றவருக்கு மண்டபம் உண்டு. வென்றவருக்கு ஓவியம் உண்டு.

ஆனால் அந்த 3,800 பேரில் ஐரோப்பியர் சில நூற்றுவரே. மற்றவர் சிப்பாய்கள்; தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசிய, இந்தக் கர்நாடக நாட்டு ஊர்களிலிருந்து சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். ஹைதரின் பக்கத்தில் மடிந்தவர்களும் இந்நாட்டவரே. தூண்களுக்கு அருகே எங்களோடு வந்து நின்ற அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், கல்வெட்டை என் மாணவன் படித்துச் சொல்லக் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, நம்ம ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றோம். “அப்ப அவங்களை எங்கே பொதைச்சாங்க?” என்றார். அதற்கு எங்களால் விடை கூற முடியவில்லை.

சாதாரணப் போர்வீரனுக்குக் கல் நாட்டும் வழக்கம் அக்காலத்தில் எங்கும் இல்லை என்று சிலர் கூறக்கூடும். ஐரோப்பாவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. இன்று ஸ்காட்லாந்தின் சிற்றூர்களில் மாதாகோயிலின் அருகே நிற்கும் நினைவுக்கற்களில், அவ்வூரிலிருந்து சென்று மாண்ட ஒவ்வொருவர் பெயரும் இருக்கக் காணலாம். பண்ணைக் கூலியாளின் பெயரும் உண்டு. அவை பெரும்பாலும் 1918க்குப் பின் எழுந்தவை. அதே உலகப்போருக்குச் சென்னை மாகாணத்து ஊர்களிலிருந்து சென்றவர்களுக்கும் கல் பதித்தார்கள். அவற்றிலே இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று எண் மட்டும் இருக்கும். இராக்கில் பாஸ்ராவிலுள்ள பெரிய நினைவுச் சின்னத்திலும் இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர், அதிகாரிகளுக்கே பெயர்.

ஆனால் தமிழ்நாட்டைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. இதே புள்ளலூரில், ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அப்பகைவன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்று அறிஞர் கருதுவர். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்தேன் என்று புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டோ வேறுவிதமாகப் பேசுகிறது! அந்த வழக்கு இருக்கட்டும். அதே மகேந்திரவர்மன் ஆட்சியின் 34ஆம் ஆண்டில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நாட்டினார்கள். எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் அரசன் அல்லன், தளபதியும் அல்லன். அவன் பெயர் இருக்கிறது. அதுமட்டுமா? அவன் வளர்த்த நாயின் உருவமும் அதில் உண்டு. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர்.

இதைப் புள்ளலூர்த் தூணடியில் நின்று நான் சொன்னபோது என் மாணவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. “நாய்க்குக்கூடவா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

ஹிஸ்லாப்பின் மீதும் பிரவுனின் மீதும் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்களும் தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து இறந்தவர்களே. அந்தக் கற்கள் பாதுகாக்கப்பட வேண்டும். நீங்கள் புள்ளலூருக்குச் செல்வதானால் காஞ்சிபுரத்தில் இறங்கி, காலைப் பொழுதிலேயே புறப்படுங்கள். கையில் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். வழியிலுள்ள ஊர்களில் பழைய பள்ளிக்கூடத்துச் சுவரிலோ சாவடியிலோ 1914, 1919 என்னும் ஆண்டுகள் பொறித்த சிறு கல் ஏதேனும் தென்பட்டால், அதிலுள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, அவ்வூர் முதியோரிடம் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்.