தனியே ஓடுவோரும் துணை நிற்போரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

    

இளைஞரும் விளையாட்டும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் விளையாட்டு வீரன் அல்லன். கரும்பலகையோடு முப்பதாண்டுக் காலம் பழகியவன். கல்விச் சங்கத்தின் மேடையில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை உண்டு என்று சொல்லவே வந்தேன்.

குழுவாக ஆடும் விளையாட்டும் உண்டு. தனி ஒருவராக நின்று வெல்லும் விளையாட்டும் உண்டு. குழு விளையாட்டில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தலைவனாக்குவது என்பதைச் சிலர் கூடி முடிவு செய்கின்றனர். பல்வங்கர் பாலு என்னும் பெருமகனை நினைத்துப் பாருங்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் வீசும் பந்து வேண்டியிருந்தது. அவர் தலைமை வேண்டியிருக்கவில்லை. பம்பாயில் இந்துக்கள் அணிக்குத் தலைமை தாங்கும் தகுதி இருந்தும் அது அவருக்கு வாய்க்கவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அப்பொறுப்புக் கிடைத்தது.

ஓட்டமும் தாண்டுதலும் அப்படிப்பட்டவை அல்ல. கடிகாரம் யார் பிள்ளை என்று கேட்பதில்லை. அளவு நாடா எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பிறப்பை வைத்தே நூற்றாண்டுகளாக அளக்கப்பட்டு வந்த நமக்கு, செயலை மட்டும் அளக்கும் கருவி ஒன்று கிடைத்தால் அது சிறிய பேறா?

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்தக் கடிகாரம் தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையில்தான் நீதி செய்கிறது. தொடக்கக் கோட்டுக்கு வந்து சேரும் வழியிலும், முடிவுக் கோட்டைக் கடந்து வீடு திரும்பும் வழியிலும் பழைய உலகமே காத்து நிற்கிறது. அந்த இரண்டு வழிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் 1940இல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார் வில்மா ருடால்ப். தந்தைக்கு இருந்த இருபத்திரண்டு மக்களில் இருபதாவது குழந்தை. தந்தை இரயில்வேயில் சுமை தூக்கினார். தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார். இளம்பிள்ளை வாதம் தாக்கி இடது கால் வலுவிழந்தது. கறுப்பருக்கு மருத்துவம் செய்யும் மருத்துவமனை எண்பது கிலோமீட்டர் தொலைவில் நாஷ்வில் நகரில் இருந்தது. தாய் வாரந்தோறும் மகளைப் பேருந்தில் அழைத்துச் சென்றார். வீட்டில் உடன்பிறந்தோர் முறை வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு முறை அந்தக் காலைப் பிடித்துவிட்டனர். ஆண்டுக்கணக்கில் காலில் இரும்புப் பிணைப்போடு நடந்த அந்தச் சிறுமி, பன்னிரண்டு வயதளவில் பிணைப்பின்றி நடந்தார். பதினாறு வயதில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், தொடர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். 1960இல் ரோம் நகரில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். ஓடியது இரண்டு கால்கள். அவற்றை ஓடச் செய்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்!

ஜெஸ்ஸி ஓவன்ஸ் அடிமைகளாயிருந்தோரின் பேரன். வாரச் சாகுபடி செய்த ஏழை உழவரின் மகன். பள்ளி விட்டதும் செருப்புத் தைக்கும் கடையில் வேலை செய்தாக வேண்டும். மாலைப் பயிற்சிக்கு வர இயலாது. அவருடைய ஆசிரியர் சார்லஸ் ரைலி, "மாலையில் வராதவனுக்கு இடமில்லை" என்று விரட்டவில்லை. காலையில் பள்ளி தொடங்கும் முன்னர்த் தாமே வந்து பயிற்சி அளித்தார். அந்த மாணவர் 1935 மே 25ஆம் நாள் ஒரு மணி நேரத்துக்குள் பல உலகச் சாதனைகளை நிகழ்த்தினார். அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டர் நீளத்தை இருபத்தைந்து ஆண்டுகள் எவராலும் கடக்க முடியவில்லை. நம் சங்கத்தின் வயது அது! அடுத்த ஆண்டு பெர்லினில், இன வெறியன் இட்லரின் தலைநகரிலேயே, நான்கு தங்கம் வென்றார்.

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிக்கு வருவோம். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து சென்ற சிறுவன் மாரியப்பன் தங்கவேலுவின் வலக்கால் பேருந்துச் சக்கரத்தில் நசுங்கியது. தாய் செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார், கடன் வாங்கி மருத்துவம் பார்த்தார். உயரம் தாண்டச் சொல்லி ஊக்கியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி மாரியப்பன் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

இனி என் குறை ஒன்றையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமப் பள்ளியில் பணியாற்றினேன். அங்கே ஒன்பதாம் வகுப்பில் நம் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி படித்தாள். வெறுங்காலோடு ஓடிக் குறுவட்டப் போட்டியில் முதலிடம் பெற்றாள். மாவட்டப் போட்டி நடவு நாளில் வந்தது. அவள் தந்தை என்னிடம் வந்து, "ஒரு நாள் கூலி போய்விடுமே ஐயா" என்றார். அன்று நடவுக் கூலி நாற்பது ரூபாய். அந்தத் தொகை என் சட்டைப் பையில் இருந்தது. நானோ, "படிப்பைக் கவனிக்கட்டும், ஓட்டம் எதற்கு?" என்று பெரிய அறிவாளி போலச் சொல்லி அனுப்பினேன். அவள் மாவட்டப் போட்டிக்கும் போகவில்லை. மறு ஆண்டு பள்ளிக்கும் வரவில்லை. ஓட்டம்தான் அவளைப் பள்ளியில் பிடித்து வைத்திருந்தது என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. அந்த நாற்பது ரூபாயை இன்றுவரை நான் செலவழித்து முடிக்கவில்லை.

வழியின் மறுபாதிக்கு வருகிறேன். நான்கு தங்கத்தோடு திரும்பிய ஓவன்சுக்கு நியூயார்க்கில் ஒரு பெரிய விடுதியில் வரவேற்பு நடந்தது. தம் பாராட்டு விழாவுக்கே அவர் சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் ஏறிச் செல்ல நேர்ந்தது. கல்லூரிப் பட்டத்தை முடிக்காமலே விட்டவர், பிழைப்புக்காகக் குதிரைகளோடு பந்தயம் ஓடினார்.

தொலைநாட்டுக் கதை என்று எண்ணவேண்டா. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கற்சூளைத் தொழிலாளர். மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய பாட்டனார். 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி வெள்ளி வென்றார். பெண்மைச் சோதனை என்ற ஒன்றைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தனர். எந்தக் குற்றமும் செய்யாத பெண்ணை உலகத்தின் முன் நிறுத்தி இழிவு செய்தனர். சூளைக்கே கூலியாகத் திரும்பும் நிலையும் அவருக்கு வந்தது. ஆயினும் அவர் மனம் மாய்ந்துவிடவில்லை. பயிற்சியாளர் படிப்பை முடித்தார்; தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகிப் பிறர் பிள்ளைகளை ஓடச் செய்தார். கால் வென்ற பதக்கத்தைப் பறித்தவர்களால் அவர் கற்ற கல்வியைப் பறிக்க முடியவில்லை.

வில்மாவுக்கும் சொந்த ஊரில் வரவேற்பு ஏற்பாடாயிற்று. வெள்ளையர் தனியாகவும் கறுப்பர் தனியாகவும் அமர்வது அந்த ஊர் வழக்கம். "பிரித்து நடத்துவதாயின் எனக்கு அந்த விழாவே வேண்டா" என்ற நிலையில் இருபது வயதுப் பெண் உறுதியாக நின்றார். ஊர் பணிந்தது. அவ்வூரில் இரு நிறத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் ஊர் விழா அதுவே. பின்னர் 1963இல் கல்வியியலில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியையாகவும் பணிபுரிந்தார். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிக்கப்பட்ட நமக்கு, அந்த மூன்று தங்கத்தினும் இந்த ஒரு மறுப்பே பெரிய பாடம் அன்றோ?

ஆகவே இளைஞர்களே! ஓடுங்கள், தாண்டுங்கள், எறியுங்கள். ஆனால் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடாதீர்கள். போட்டிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். உயர்படிப்புக்கும் அரசு வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கும் நாளில் அதுவே உங்களுக்காகப் பேசும். விரைவில் வலுவேற்றும் என்று எவர் ஊசி கொடுத்தாலும் மாத்திரை கொடுத்தாலும் தொடாதீர்கள். பத்தாண்டு உழைப்பு ஒரு சோதனையில் பாழாகிவிடும்.

தாய்மார்களே! ஆண் பிள்ளையை அனுப்பும் மைதானத்துக்குப் பெண் பிள்ளையையும் அனுப்புங்கள். அரசு விளையாட்டு விடுதிகளுக்கு நடக்கும் தேர்வுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சங்கத்துப் பெரியோர்களே! உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாணவர் கட்டணத்துக்கு நிதி வைத்திருக்கிறீர்கள். அதனோடு சிறு நிதி ஒன்றைத் தனியே ஒதுக்குங்கள். போட்டிக்குப் போகும் பிள்ளையின் பேருந்துச் செலவுக்கு, ஒரு சோடிக் காலணிக்கு, கூலியை விட்டு உடன் செல்லும் தாயின் அன்றைய கூலிக்கு அது பயன்படட்டும். முதல் தொகையாக என் ஒரு மாதச் சம்பளத்தை இதோ பொருளாளர் அவர்களிடம் அளிக்கிறேன். இதை நன்கொடை என்று எழுதவேண்டா. பழைய கடன் திருப்பம் என்று எழுதுங்கள்.

ஓடுகிறவர் தனியாகத்தான் ஓட வேண்டும். கோட்டின் இருபுறமும் நாம் நிற்போம்.