இன்றைய மன்னா இன்றைக்கே



நாம் கூடினாலே நாளையைப் பற்றித்தான் பேசுகிறோம். மகள் படிப்பை முடிக்கணும், வீட்டுக்குத் தளம் போடணும், கடன் அடையணும். "அதெல்லாம் முடியட்டும், அப்புறம் நிம்மதியா இருக்கலாம்" என்கிறோம். ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கிறது. நிம்மதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

வேதாகமத்தில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் நடந்த இஸ்ரவேல் மக்களுக்கு ஆண்டவர் மன்னாவைக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர், அன்றன்றைக்கு மட்டும். சிலர் மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தார்கள். விடிந்து பார்த்தால் புழுத்து நாறிப்போயிருந்தது.

அப்படியானால் நாம் சேமிப்பது தவறா? இல்லவே இல்லை. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் ஆளுக்கு 2 ஓமர் சேர்க்க வைத்தவரும் அவரே. அது கெட்டுப்போகவில்லை. திட்டமிட்டுச் சேர்ப்பது வேறு, பயந்து பதுக்குவது வேறு. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தைத்தான் கேட்கச் சொன்னார்.

ஆகவே சேமிப்பைக் கட்டுவோம், தவணையை எழுதி வைப்போம். எழுதியபின் நோட்டை மூடிவிடுவோம். பிள்ளை பேச வந்தால் கைவேலையை நிறுத்திக் காது கொடுப்போம். ஆக்கிய சோற்றை நாமும் சூடாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளை, கடன் அடையும்வரை பத்து வயதிலேயே காத்திருக்காது.