எழுதிக்கொள்ளுங்கள்!

 

வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை, வாய்ப்பேச்சை நம்பி மச்சான் கடையில் போடுகிறோம். இரண்டு வருடத்தில் கடையும் போகிறது, உறவும் போகிறது. ஜமாஅத்தில் பேச உட்கார்ந்தால், யார் எவ்வளவு போட்டார் என்பதற்கே ஆதாரம் இல்லை!

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைக்கச் சொல்லும் வசனம் (2:282). சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். சொந்தம் நிலைக்கத்தான் எழுத்து.

முதல் எவ்வளவு, உழைப்பு யாருடையது, லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுங்கள். 'லாபமோ நஷ்டமோ, மாதம் ஐயாயிரம் உறுதி' என்று எழுதினால் அது லாபமல்ல, வட்டி! ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டால், மோசடியோ அலட்சியமோ இல்லாதவரை பண நஷ்டம் முதல் போட்டவருக்கு. உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம்.

கூட்டு நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69வது பிரிவுப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் சரக்கு வாங்கியவரிடம் நிற்கும் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது.

முதலில் பத்திரம். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடையைத் திறங்கள்!