உடற்பருமன் ரணசிகிச்சையும் அதன்பின் உண்ணும் நெறியும்

(நமது சங்கத்தின் திருத்தணிக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாது பேசலாம் எனச் செயலாளர் என்னை வினவியபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே யான் எடுத்துக்கொள்வேன் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் சென்ற ஆண்டு என் இல்லத்தில் நிகழ்ந்ததொரு செய்தி என் நெஞ்சை விட்டு அகலாமையின், அதனையே இன்று உங்கள் முன் வைக்கத் துணிந்தேன். யான் வைத்தியன் அல்லேன். வைத்தியர்கள் எங்கள் குடும்பத்திற்கு எடுத்துரைத்தவற்றையும், அதன்பின் யான் கற்றறிந்தவற்றையுமே சொல்லப் புகுகின்றேன். அவரவர்க்கு அவரவர் வைத்தியர் வகுத்ததே முடிந்த முடிபாகும்.

உடல் பருத்தல் செல்வத்தின் அடையாளம் என்று நம் முன்னோர் கருதிய காலம் ஒன்றிருந்தது. இன்று அது நோய்க்கு வாயிலென உலகம் உணர்ந்துவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், அவ்வயது ஆடவரில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையோராய் இருந்தனர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியவை இதனைத் தொடர்ந்து வருகின்றன. உணவுக் குறைப்பாலும் உடற்பயிற்சியாலும் எடை இறங்காதவர்க்கு, இரைப்பையைச் சிறிதாக்கும் ரணசிகிச்சை இக்காலத்தில் செய்யப்படுகின்றது.

இதன் வரலாறு சுவையுடையது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து ரணவைத்தியர் எட்வர்டு மேசன் என்பார், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பெற்றவர்கள் மெலிந்துபோவதைக் கண்டார். நோயின் பொருட்டு நேர்ந்த மெலிவைப் பருமனுக்கு மருந்தாக்கலாம் என எண்ணி, 1966-ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கினார். இம்முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றை அமைத்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைக்கின்றனர். பிற்காலத்தில் வந்த மற்றொரு முறை, இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேலாக நீக்கி, எஞ்சியதைச் சட்டையின் கை போன்ற குழாயாக விடுதல். நம் நாட்டில் இன்று இதுவே மிகுதியும் செய்யப்படுகின்றது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு மிகுதியாய் ஊறும் பகுதி நீங்கிவிடுதலால், பசியும் முதலில் மிகக் குறைகின்றது.

யாவர்க்கு இச்சிகிச்சை தகும்? உடலெடையைக் கிலோவிற் கொண்டு, உயரத்தை மீட்டரிற் கொண்டு அதனை அதனாலேயே பெருக்கி வந்த தொகையால் எடையை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 90 கிலோ இருப்பின் அவ்வெண் 35 ஆகும். 35-க்கு மேற்பட்டவர்க்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்க்கு 27.5 முதலே அதனைக் கருதலாம் என்றும் 2022-இல் உலக ரணவைத்தியர் சங்கங்கள் வழிகாட்டின. ஆயினும் எண் மட்டும் போதாது. பிற்பாடு வாழ்நாள் முழுதும் ஒழுகவேண்டிய நியமத்திற்கு உடன்படும் மனமும் வேண்டும். வீட்டாரும் உடன்படுதல் வேண்டும். என் சொற்பொழிவின் பொருள் இப்பிற்பகுதியே.

அன்பர்களே! என் தங்கை மகன் எனக்கு மருமகன் முறையினன், முப்பத்திரண்டு வயதினன். நீரிழிவினாலும் முழங்கால் வலியினாலும் வருந்திச் சென்னை சென்று, குழாய் முறைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பினான். மூன்றாம் வாரத்தில் என் புதுமனை புகுவிழா வந்தது. பந்தியில் அவனும் அமர்ந்தான். இலையில் ஒன்றும் வேண்டாமெனக் கையால் மறைத்தான்.

“மாமா, வைத்தியர் இன்னும் கூழாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்” என்றான்.

“ஒரு கரண்டியில் என்னப்பா ஆகிவிடும்? தாய்மாமன் பரிமாறுவதைத் தள்ளலாமா?” என்று யானே சர்க்கரைப் பொங்கலும் வடையும் வைத்தேன். சுற்றியிருந்தோரும், “அறுத்து எறிந்துவிட்டு வந்தால் சோறுகூட இறங்காதோ?” என நகைத்தனர். அவன் உண்டான். சிறிது நேரத்தில் நெஞ்சடைத்து, வியர்த்து, புறக்கடை சென்று வாந்தி எடுத்தான். அதனை யான் அன்று அறியேன்.

அதன்பின் அவன் வீட்டிற்கு நலம் விசாரிக்கச் சென்றோர் ஒவ்வொருவரும் ஏதேனும் கொண்டுசென்றனர். அவனும் மறுக்க நாணி உண்டான், வாந்தியை மறைத்தான், மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. மூன்று வாரம் இவ்வாறு சென்றபின், பொருள்கள் இரட்டையாகத் தெரிகின்றன என்றான், நடையில் தள்ளாடினான். மருத்துவமனையில் சேர்த்தபோது, பி1 என்னும் தயமின் சத்து உடலில் அற்றுப்போனமையால் மூளையும் நரம்பும் தாக்கப்பட்டன என்று வைத்தியர் கூறினார். ஊசிமூலம் அச்சத்தை ஏற்றிக் காப்பாற்றினர். பழையபடி நடக்க அவனுக்குப் பல மாதங்கள் ஆயின. இன்னும் சில நாள் தாழ்த்திருந்தால் மீளாத் தீங்காயிருக்கும் என்றனர். அவ்வார்த்தையைக் கேட்டபோது என் கையிலிருந்த கரண்டியே என் நினைவுக்கு வந்தது.

ஆதலின், அந்நியமங்கள் யாவை என்பதை நாம் அனைவரும் அறிதல் வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரமே: நீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமற்ற தெளிந்த ரசம் போன்றவை. அடுத்து இரண்டாம் வாரம் முடியும் வரை பால், மோர், புரதப்பொடி கரைத்த பானம் முதலிய நீர்மங்கள். பின்னர் இரண்டு வாரம் கூழாக மசித்தவை: குழைத்த பருப்பு, மசித்த முட்டை, தயிர். அதன்பின் மெத்தென்ற உணவு: தயிரில் ஊறிய இட்லி, வெந்த காய், பனீர், முள் நீக்கிய மீன். ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரம் கழிந்தே இயல்பான உணவு. வைத்தியர்க்கு வைத்தியர் நாட்கணக்குச் சிறிது வேறுபடலாம். படி தாண்டுதல் மட்டும் கூடாது. உள்ளே தைத்த இடம் ஆறுவதற்கு முன் கட்டியான உணவு செல்லின் அடைப்பும் வாந்தியும் வரும். தையலுக்கும் தீங்கு நேரலாம்.

அளவு யாது? இயல்பான இரைப்பை ஒரு லிட்டருக்கு மேலும் கொள்ளும். குழாய் முறையில் எஞ்சுவதோ 100 முதல் 150 மில்லி. நம் வீட்டுக் காப்பி தம்ளர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சிறு கிண்ணத்தில், சிறு கரண்டியால், இருபது முப்பது நிமிடம் மென்று மென்று உண்ணவேண்டும். நிறைந்துவிட்டது என்னும் குறிப்புத் தோன்றியவுடன், இன்னும் ஒரு வாய் கிண்ணத்தில் எஞ்சியிருப்பினும் நிறுத்திவிடவேண்டும்.

எதனை முதலில் உண்பது? புரதத்தை. நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் வேண்டும் என்பர். ஒரு கோழிமுட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 200 மில்லி பாலில் 6 அல்லது 7 கிராமும் உள்ளன. இடமோ சிறிது, அதனைச் சோற்றால் நிரப்பிவிட்டால் புரதத்திற்கு இடமில்லை. ஆதலின் பருப்பு, முட்டை, தயிர், பனீர், மீன் முன்னும், காய்கறி அடுத்தும், சோறு இறுதியிலுமாக முறை மாறுகின்றது. சோறே உணவெனவும் மற்றவை தொடுகறியெனவும் பழகிய நமக்கு இது கடினமே. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். முடி உதிர்தலும் மிகும். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை ஓரளவு முடி உதிர்தல் பலர்க்கும் உண்டு. அது பெரும்பாலும் மீண்டு வளரும்.

நீர் பருகுதலில் ஒரு நியமம் உண்டு. உண்ணும்போது நீர் பருகலாகாது. உண்டு அரைமணி நேரம் கழித்தே பருகவேண்டும். ஆனால் நாள் முழுதும் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், மிடறு மிடறாகப் பருகவும் வேண்டும். ஒரே மூச்சில் செம்பு நீரைக் கவிழ்க்க அவரால் இயலாது. சோடாவும், குமிழியெழும் பானங்களும் வயிற்றை ஊதச் செய்வன, விலக்குக. மதுவோ முன்னிலும் விரைவாய் இரத்தத்தில் ஏறும். சிறிதளவே பெருமயக்கம் தரும். அடிமைப்படுத்தும் அபாயமும் மிகுதி. புகையிலை, உள்ளே புண் உண்டாக்கும். இவ்விரண்டையும் அறவே ஒழித்தல் வேண்டும்.

இனிப்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மாற்றுவழிச் சிகிச்சை செய்தவர்கள் வெல்லம், சர்க்கரை மிகுந்தவற்றை உண்டால், அவை விரைந்து குடலில் விழுந்து, அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி ஆகியவற்றை உண்டாக்கும். சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணிநேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். குழாய் முறையினர்க்கும் இது நேர்வதுண்டு. ஆகவே பிரசாதமேயாயினும் பஞ்சாமிர்தத்தை நாவில் தொட்டுக்கொண்டு, கிண்ணத்தை அடுத்தவரிடம் கொடுத்தலே சால்பு. பஜ்ஜி, போண்டா, முறுக்கு போன்றவற்றைப் பொழுதெல்லாம் கொறித்தலோ, குறைந்த எடையை மீண்டும் ஏற்றிவிடும்.

சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் வேண்டும். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி முதலியன உணவிலிருந்து மட்டும் போதிய அளவு கிட்டா. இரும்பையும் சுண்ணாம்புச் சத்தையும் ஒருங்கே விழுங்காமல் இரண்டு மணிநேர இடைவெளி விடுக. இரும்பு மாத்திரையோடு காப்பி, தேநீர் சேர்க்கற்க. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. நீரிழிவுக்குப் பழைய அளவிலேயே மருந்து உட்கொண்டால் சர்க்கரை அபாயமாய்த் தாழும். வைத்தியரிடம் அளவைத் திருத்திக்கொள்க. வலி நிவாரண மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி விழுங்குதல் கூடாது. மணமான பெண்கள் கருத்தரித்தலைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் தள்ளிவைத்தல் நன்று.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வாந்தி ஓரிரு நாளில் நில்லாவிடில் உடனே வைத்தியரிடம் செல்க. வேறு எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், இச்சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை முதலிலேயே சொல்லுக. தயமின் குறைந்தவர்க்கு அச்சத்தைக் கொடாமல் வெறும் குளுக்கோசு மட்டும் ஏற்றினால் தீங்கு மிகும்.

இனி நம் ஊரின் இரண்டு வழக்கங்களைச் சிந்திப்போம். ஒன்று கிருத்திகை விரதம். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து, நீரும் அருந்தாமல், 365 படிகளை ஏறுவோர் நம்முள் பலர். சிகிச்சை செய்துகொண்டவர்க்கு அது ஆகாது. இழந்த நீரை அவரால் பின்னர் ஒருசேரப் பருகி ஈடுசெய்ய இயலாமையின் மயக்கமும் சிறுநீரகத் தீங்கும் நேரலாம். நாள்தோறும் அளவறிந்து உண்டு, விரும்பியதைத் துறந்து வாழ்கின்ற ஒருவர்க்கு, ஆண்டு முழுதுமே விரதமன்றோ?

மற்றொன்று நம் உபசாரம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்தினின்றும் சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்த நம் திருத்தணியில், தமிழிலும் தெலுங்கிலும் “இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்துதலே அன்பின் இலக்கணம். திருக்குறளில் விருந்தோம்பல் என்றொரு அதிகாரமுண்டு. மருந்து என்றும் ஓர் அதிகாரமுண்டு. மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் பெரிதும் பேசுவது அளவறிந்து உண்ணுதலையே. முன்னதை மட்டும் நாம் மனப்பாடம் செய்தோம். விருந்தினர் முகம் வாடாமற் காத்தலே விருந்தோம்பலாயின், வேண்டாம் என்றவரை நாணச் செய்து உண்பித்தல் எங்ஙனம் விருந்தோம்பலாகும்? ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இவ்விரு அதிகாரங்களையும் கற்பித்துவந்த யானே இதனை உணராதிருந்தேன்.

ஆகவே நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் திருமணங்களிலும் ஆண்டு விழாவிலும் பந்தி விசாரிப்போர், கைம்மறித்தவர் இலையில் மறுமுறை பரிமாறாதிருப்பாராக. கேட்போர்க்குச் சிறு கிண்ணத்தில் பருப்போ தயிரோ கொடுக்க ஏற்பாடு செய்வாராக. இலையில் உணவு வைத்து வீணாக்கினான் என்றோ, பணங்கொடுத்துப் பசியை விற்றான் என்றோ எவரையும் நகையாதிருப்போமாக. அச்சிகிச்சை செய்துகொண்டோரும் நாணத்தை விட்டு, தம் வீட்டாரிடம் உள்ளதை உள்ளவாறு சொல்வாராக.

என் மருமகன் இப்பொழுது நலமாயிருக்கின்றான். சென்ற மாதம் என் இல்லத்திற்கு வந்தான். என் மனைவி சிறு கிண்ணத்தில் குழைந்த பருப்பும் ஒரு முட்டையும் வைத்தாள். அவன் பாதி உண்டு, “போதும் மாமா” என்றான். யான் கிண்ணத்தை எடுத்து அப்பால் வைத்தேன். அரைமணி கழித்து நீர் கேட்டான், கொடுத்தேன்.