ஆமையின் தண்ணீர்க் குடுவை

மழை பெய்து ஓய்ந்ததும், ஜவ்வாது மலையடிவாரம் மாதிரியான வறண்ட புதர்க்காட்டுப் பக்கம் போனால், சில சமயம் நட்சத்திர ஆமை கண்ணில் படலாம். கறுப்பு ஓடு, அதில் மஞ்சள் கோடுகள். பார்த்ததும் தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள்.

தூக்கினால் பயத்தில் சிறுநீரைக் கொட்டிவிடும். 'சீ, அசிங்கம் பண்ணிவிட்டதே' என்போம். அசிங்கமில்லை, அது சேமிப்பு. ஆடு மேய்க்கப் போகிறவர் சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுபோவார் இல்லையா? ஆமைக்குச் சிறுநீர்ப்பைதான் குடுவை. தண்ணீர் கிடைக்காத நாளில் உடம்பு அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கோடையில் அதைக் கொட்டவைத்தால், அடுத்த மழை வரை பாவம், திண்டாட்டம்தான்.

பகலில் புதருக்குள் அசையாமல் கிடந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறது. ஆனால் கண் குழிவிழுந்து, வெள்ளைக் கழிவு மணல்மணலாக வந்தால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இந்த ஆமை புகுந்தால் பின்னாலேயே வனத்துறையும் வரும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வளர்ப்பது குற்றம்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? நீங்களே காட்டில் விட்டுவிடாதீர்கள். வீட்டு நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். அதுவரை தாழ்வான தட்டில் தண்ணீர் வையுங்கள். உயரமான கிண்ணம் உதவாது. ஆமை குனிந்து, மூக்கும் வாயும் நீரில் அமிழத்தான் குடிக்கும்.