மணல் யார் சொல் கேட்கும்?

நடுவர் அவர்களே! "மெரினாவை உண்டாக்கியது மனிதன்"னு எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டார். ஐயா, 1876 வாக்கில் துறைமுகத்துக்காகக் கடலில் கல்லை இறக்கியது வெள்ளைக்காரன்தான். மணலைக் கொண்டுவந்தது யாரு? அலை!

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை கரையைச் சாய்வாகத் தொட்டு, மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குக் காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வரவு வடக்குக்குத்தான். குறுக்கே சுவர் வந்தது, மணல் தெற்கே தங்கியது, மெரினா அகலமாச்சு. வடக்கே? ராயபுரம் பக்கம் போய்ப் பாருங்க. வர வேண்டிய மணல் வரலை. அலை கரையைத் தின்னுது. மீனவர் குடிசை கடலுக்குள்ளே போச்சு. அந்தத் தாய்மார்கள் முன்னாடி நின்னு இந்தக் கைதட்டலை வாங்குவாரா நண்பர்?

அடையாற்று முகத்துவாரம் இருக்கே, அது எங்க வீட்டுக் கதவு மாதிரி. கோடையில் ஆற்றுக்கு வேகம் குறைஞ்சா, அலை மணல்திட்டுப் போட்டுச் சாத்திடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்தால் உடைச்சுத் திறந்திடும். நான் திறப்பேன், அம்மையார் சாத்துவாங்க!

நடுவர் மணியைத் தொடுறார். ஆற்றின் வாயை அடைக்க அலை. என் வாயை அடைக்க அந்த மணி!