தேரும் தெருவும்



சிதம்பரத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஆனித் திருமஞ்சனத்திற்கு முன்னாளும் மார்கழித் திருவாதிரைக்கு முன்னாளும், தேரோட்டம் நிகழ்கிறது. கருவறையில் ஆடும் கூத்தப்பெருமான் தாமே வெளிப்போந்து தேரேறும் நாள் அது. விநாயகர், முருகன், நடராசர், சிவகாமியம்மை, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள் கீழவீதியினின்று புறப்பட்டுத் தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி எனச் சுற்றி வருகின்றன. காணச் செல்வோர் கண்ணெல்லாம் தேரின் கலசத்தின்மேல் இருக்கும். இன்று உங்களைச் சற்றே கீழே பார்க்கச் சொல்கிறேன்.

சக்கரத்தை ஒட்டி, ஆப்பு வடிவாகச் செதுக்கிய மரக்கட்டையைக் கையில் பிடித்துச் சிலர் நடந்துகொண்டே இருப்பர். வடம் பிடிப்போர் உற்சாகம் மிகுந்து இழுக்கத் தேர் சற்று விரைந்தால், அக்கட்டை சக்கரத்தின் முன் சென்று விழும், தேர் தயங்கும். வீதி மூலையில் ஒரு பக்கச் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து மறுபக்கத்தை இழுப்பர். மலைபோன்ற தேர் திரும்பும். அதற்கே முட்டுக்கட்டை என்று பெயர்.

பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பது ஏச்சுச் சொல்லாகிவிட்டது. நல்ல காரியம் நடக்கவொட்டாமல் தடுப்பவனை, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். தேர் வீதியில் நின்று பார்த்தவர்கள் இச்சொல்லை அப்படிப் பயன்படுத்தக் கூசுவர். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் நீரழுத்தத் தடைக்கருவி பொருத்தித் தந்த பின்னரும், அங்கே முட்டுக்கட்டைக்கு வேலை ஓய்ந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிய வீதியில் பெரிய ஊர்தி ஒன்று செல்லவேண்டுமானால், அதன் வேகம் ஊர்தியின் ஆற்றலால் அளக்கப்படுவதன்று. பக்கத்தில் நடக்கும் குழந்தையின் காலடியால் அளக்கப்படுவது. இதை நம் முன்னோர் தேருக்கு உணர்ந்திருந்தனர். மோட்டார் வண்டிக்கு நாம் இன்னும் உணரவில்லை.

தேர் நிலைக்கு வந்த மறுவாரம் அதே கீழவீதியில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள், பூக்கூடை சுமந்த அம்மையார், அண்ணாமலைநகர் நோக்கிச் செல்லும் மாணவர், வெளியூர் யாத்திரிகர், அவர்களிடையே ஆட்டோக்கள், வேன்கள், ஒலிப்பானை ஓயாமல் அழுத்தும் இருசக்கர வண்டிகள். நடைபாதை இருக்கவேண்டிய இடத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஆகவே நடப்பவர் வண்டிப்பாதையில் நடக்கிறார். மிதிவண்டியில் செல்பவர் இன்னும் நடுவே ஒதுக்கப்படுகிறார்.

தமிழ்நாட்டரசு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். உங்களிற் பலர் அதனைப் பெற்றிருப்பீர்கள். அவ்வண்டியை வீட்டுத் திண்ணையோரம் சங்கிலியிட்டுப் பூட்டி வைத்துவிட்டு, 'சாலையில் போகவேண்டாம், ஆட்டோவிலேயே போ' என்று சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவருள் 32,825 பேர் எந்த வண்டியிலும் ஏறாதவர்கள், நடந்து சென்றவர்கள்.

வேகம் ஏன் இத்துணைக் கொடியது என்பதற்கு உங்கள் இயற்பியற் பாடமே விடை கூறும். இரண்டு வண்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, மற்றொன்று 50. இரண்டிற்கும் 14 மீட்டர் முன்னால் ஒரு சிறுமி பந்தைத் தேடித் தெருவில் ஓடிவருகிறாள். கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் தடையை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் முதல் வண்டி எட்டு மீட்டரைக் கடக்கிறது. பிறகு ஐந்து மீட்டரில் நின்றுவிடுகிறது. சிறுமி திகைத்து நிற்கிறாள்; ஓட்டுநர் அவளைக் கடிந்துகொள்கிறார்; அவ்வளவே. இரண்டாம் வண்டியோ அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டரையும் கடந்துவிடுகிறது. தடை பிடிக்கத் தொடங்கும் முன்னரே அது சிறுமியை அடைந்துவிட்டது. வேகத்தின் வேறுபாடு 20 கிலோமீட்டர்தான்.

வேறொரு வகையாகவும் கணக்கிடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஓர் ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். 50 கிலோமீட்டர் வேகமோ ஏறத்தாழப் பத்து மீட்டர். நல்ல தென்னையின் உச்சி. கூரையிலிருந்து விழுந்தவர் பிழைப்பதைக் கண்டிருக்கிறோம்.

இனி ஒரு பழங்கதை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமை கூறுமிடத்து அது வருகிறது. பின்னர்ச் சேக்கிழார் அதனைத் திருவாரூரில் வைத்து விரித்துரைத்தார். அவர் தம் நூலை அரங்கேற்றியது நம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது மரபு. அரசிளங்குமரன் தேரூர்ந்து வரும்போது கன்றொன்று துள்ளிவந்து சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நீதியின் சிறப்புக்கு இக்கதையைப் படிக்கிறோம், படிக்கத்தான் வேண்டும். ஆயினும் எனக்கு எப்போதும் ஓர் ஐயம் எழுவதுண்டு. மறுநாள் அதே தெருவில் வேறொரு தேர் வந்திருக்குமே, வேறொரு கன்று துள்ளியிருக்குமே, அத்தெருவிற்கு அரசன் என்ன செய்தான்?

இன்று நாமும் அந்நிலையில்தான் இருக்கிறோம். விபத்து நேர்ந்தால் ஓட்டியவர்மீது வழக்குத் தொடுக்கிறோம். உயிரிழந்தவரது கவனக்குறைவு என்றும் சில வேளை எழுதிவிடுகிறோம். தெரு குற்றவாளிக் கூண்டில் ஏறுவதே இல்லை. நீளமாய், அகலமாய், வழுவழுப்பாய் ஒரு தெருவைப் போட்டுவிட்டு, 'மெல்லச் செல்க' என்று ஓரத்தில் பலகை நட்டால் அந்தப் பலகையை யார் படிப்பார்? 'விரைந்து வா' என்று தெருவே அழைக்கிறதே!

தெருவைத் திருத்தும் வழியை வற்புறுத்திப் பெற்றவர்கள் நெதர்லாந்து நாட்டினர். 1971-இல் அச்சிறு நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவருள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுவர். தம் மகளை அவ்வாறு இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டு எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. ஆம்ஸ்டர்டாம் நகரின் ஒரு நெருக்கமான பகுதியில் சிறுவர்களே கூடித் தம் தெருவை மறித்து விளையாட இடம் கேட்டனர். டெல்ஃப்ட் என்னும் நகரில் வேறொரு முயற்சி நடந்தது. குடியிருப்புத் தெருக்களில் நேர்வழியை வளைத்து, மரமும் இருக்கையும் இடையிடையே அமைத்து, நடைபாதைக்கும் வண்டிப்பாதைக்கும் இருந்த உயர வேற்றுமையை நீக்கினர். அத்தகைய தெருவில் நடப்பவருக்கே முழு அகலமும் உரியது, குழந்தை விளையாடலாம், வண்டி நடைவேகத்தில்தான் செல்லவேண்டும். 1976-இல் அது சட்டமாயிற்று. அவர்கள் மொழியில் அதற்கு இட்ட பெயரைத் தமிழாக்கினால் 'குடியிருப்பு முற்றம்' என்று வரும்.

முற்றம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. விடியலில் சாணம் தெளித்துக் கோலமிட்ட இடம் எது? தெருவின் ஒரு பகுதிதானே? சிறுமியர் பாண்டியாடியதும், சிறுவர் பச்சைக்குதிரை தாண்டியதும், வாடகை மிதிவண்டியில் குரங்குப் பெடல் போட்டு விழுந்து எழுந்ததும் அங்கேதான். என் தலைமுறையார் பலருக்கு முழங்காலில் அதன் தழும்பு இன்றும் உண்டு. டெல்ஃப்ட் நகரத்தார் அரும்பாடுபட்டு உண்டாக்கியதை நாம் அரும்பாடின்றி இழந்தோம்.

வேகத்தடைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒளியின் சிதறல் பற்றிய 'காம்ப்டன் விளைவு' உங்கள் பாடத்தில் வரும். அதற்காக 1927-இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஹாலி காம்ப்டன், பிற்காலத்தில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்தார். பல்கலைக்கழகக் கட்டடத்தின் முன் மோட்டார்கள் விரைந்து செல்வதைக் கண்டு, 1953-இல் சாலையில் அமைக்கத்தக்க மேடுகளை அவரே கணக்கிட்டு வகுத்தார். அண்ணாமலைநகர் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளலாம்.

நம் ஊர்களில் வேகத்தடை பிறக்கும் விதம் வேறு. ஓர் இடத்தில் ஒருவர் மாள்கிறார். மக்கள் மறியல் செய்கின்றனர். இரவோடிரவாக ஒரு மேடு முளைக்கிறது. பண்டைக்காலத்தில் இறந்த வீரனுக்கு நடுகல் நட்டதுபோல, இறந்தவருக்கு ஒரு வேகத்தடை! வண்ணமும் பூசுவதில்லை, பலகையும் வைப்பதில்லை. செங்குத்தாய் எழுந்த அம்மேட்டில் இரவு நேரத்தில் மிதிவண்டியே கவிழ்கிறது. பின்னால் அமர்ந்த தாய் கீழே விழுகிறார். அளவில்லாத தடை, தடையில்லாமையினும் தீது. இந்தியச் சாலைப் பேராயம் இதற்கு அளவு வகுத்திருக்கிறது. மேட்டின் வளைவு 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக இருக்கவேண்டும், அகலம் 3.7 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அதனை அலுங்காமல் கடப்பார். மிகுந்து செல்பவர்க்கே அது உறைக்கும். அதன் நடு உயரம் என்ன வரும் என்று பிதாகரசின் தேற்றம் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் வரும்.

மேடு ஒன்றுதான் வழி என்று எண்ணிவிடலாகாது. மூலைகளை அகலமாக வளைத்து வைப்பதால்தான் வண்டிகள் வேகம் குறையாமல் திரும்புகின்றன. மூலையைக் குறுக்கினால் வேகமும் குறையும், தெருவைக் கடக்கும் தொலைவும் குறையும். பள்ளி வாயிலில் கடக்குமிடத்தை நடைபாதையின் உயரத்திற்கே உயர்த்திவிட்டால், பிள்ளைகள் சாலைக்கு இறங்குவதில்லை. வண்டிகளே நடைபாதைக்கு ஏறி இறங்கவேண்டும்.

கடலூரின் நிலை வேறு. அது ஓர் ஊரன்று; முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம் எனப் பல ஊர்கள் கூடியது; இடையே கெடிலம் பாய்கிறது. இம்பீரியல் சாலை, நேதாஜி சாலை போன்ற பெருவழிகளில் நெரிசல் மிகும்போது, வண்டிகள் குடியிருப்புத் தெருக்களிற் புகுந்து குறுக்குவழி தேடுகின்றன. பெருவழியில் வேகத்தடை போட்டால் நெரிசல் மிகுந்து, உட்தெருவில்தான் வண்டி இன்னும் பெருகும். அங்கே வேண்டுவன நடைபாதையும் விளக்குக் கம்பமும். உட்தெருவுக்கோ வேறு மருந்து. தெருவின் நடுவே மிதிவண்டி புகுமளவு இடைவெளி விட்டுக் கல்தூண்கள் நட்டுவிட்டால், குடியிருப்போர் இருபுறமிருந்தும் வரலாம், போகலாம். குறுக்குவழி தேடுவோர்க்கு மட்டும் அத்தெரு பயன்படாது. பாடலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று: கடலூர் மழையும் வெள்ளமும் அறிந்த ஊர், 2015-இன் வெள்ளத்தை யார் மறப்பார்? மேடு எதுவாயினும் இரு ஓரத்திலும் நீர் வடிய வழி விட்டே அமைக்கவேண்டும். இல்லையேல் ஐப்பசியில் மக்களே கடப்பாரை கொண்டு அதனைப் பெயர்த்துவிடுவர். அதில் நியாயமும் உண்டு.

மறுப்பவர் இருப்பர். ஆம்புலன்சு தாமதமாகாதா என்பர். நியாயமான கேள்விதான். சாலையின் முழு அகலத்துக்கும் மேடு போடாமல், இடைவிட்டுச் சிறு மெத்தைகள்போல் அமைத்தால், அகன்ற சக்கர இடைவெளியுடைய ஆம்புலன்சு அதனை மிதிக்காமலே செல்லும். சிறிய கார் மிதித்தே ஆகவேண்டும். காலம் வீணாகும் என்பாரும் உண்டு. ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 72 விநாடி. 30-இல் 120 விநாடி. இழப்பது 48 விநாடி. வணிகர்கள் தம் கடைக்கு வருவார் குறைவர் என அஞ்சுகின்றனர். சென்னைத் தியாகராய நகரில் பாண்டி பசார் வீதியின் நடைபாதையை அகலப்படுத்தி 2019-இல் திறந்தார்கள். அங்கே மாலையில் கூடும் கூட்டத்தை நம் வணிகர்கள் ஒருமுறை சென்று காணட்டும்.

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, குறிப்பிட்ட சாலையில் வேக எல்லையைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவர்க்கும் இடந்தருகிறது. கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையுள் அடங்குவது என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறிற்று.

மாணவ நேயர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. உங்கள் தெருவில் 50 மீட்டரை நாடாவால் அளந்து, இரு முனையிலும் சுவரோரம் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பிறகு தெருவில் இறங்கவேண்டா. திண்ணையில் அமர்ந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வண்டி இரு குறிகளுக்கிடையே கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். ஆறு விநாடியானால் மணிக்கு 30 கிலோமீட்டர்; மூன்றரை விநாடியானால் 50-ஐத் தாண்டியது. பள்ளி தொடங்கும் நேரம் அரை மணி, விடும் நேரம் அரை மணி, ஒரு வாரம் இதனை எழுதுங்கள். நாள், நேரம், வண்டியின் வகை, விநாடி என நான்கு கட்டம் போதும். வண்டி எண் வேண்டா. தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு, சிதம்பரத்தார் நகராட்சி ஆணையருக்கும், கடலூரார் மாநகராட்சி ஆணையருக்கும், ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். உங்கள் பள்ளி வாயிலின் வரைபடத்தையும், கடக்குமிடம் எங்கே வேண்டும் என்ற குறியையும் அதனோடு இணைக்க மறவாதீர்கள்.